கானாடுகாத்தான் வீடு: கட்டிய குடும்பத்தைக் கண்டுபிடிக்க உதவி தேவை

கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து உணவகம் நடத்துகிறோம். சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது, "இதைக் கட்டியது யார்?" பதில் இல்லை. முகப்பில் அந்தக் குடும்பத்தின் பெயர் இருக்க வேண்டும், அதுதான் நியாயம்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், பழைய பதிவுகள் வரவில்லை. இப்போதைய உரிமையாளர் கை மாறி வாங்கியவர். பர்மாவில் லேவாதேவி செய்தவர்கள், 1942இல் ஜப்பான் படை வந்தபோது ஊர் திரும்பியவர்கள் என்பதுவரைதான் தெருப் பெரியவர்களுக்குத் தெரிகிறது.

கையில் இருப்பது, இரண்டாம் கட்டு அறையில் கிடைத்த பர்மாவின் மௌல்மீன் ஊர்க் கடைப் பேரேடு ஒன்று. 1936ஆம் வருடத்தது, பாதி கறையான் அரித்துவிட்டது. விலாசத்தில், அதாவது குடும்பத்தைக் குறிக்கும் முன்னெழுத்துகளில், 'ராம.' மட்டும் மிச்சம். நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகளில் எது என்று தெரியவில்லை.

இவ்வளவை வைத்து ஒன்பது கோயில் புள்ளிக் கணக்குகளில் (திருமணமான குடும்பங்களின் பதிவுகளில்) குடும்பத்தைத் தேட யாரை அணுக வேண்டும்?