இறைச்சிக்கு உடுப்புப் போட்ட கதை

கொக்குவிலிலிருந்து:

எங்கள் வீட்டில் கட்லட் என்றால் ஒன்றுதான். ரின் மீன், அவித்த கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு. எல்லாவற்றையும் பிசைந்து உருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரிப்போம். பிறந்தநாள் வீட்டில் ஒரு றோல்ஸ், ஒரு துண்டு கேக், ஒரு வாழைப்பழத்தோடு அது கோப்பையில் வந்து உட்காரும். தூள் பூசிப் பொரிக்கிற வேலை இவ்வளவுதான் என்று நாற்பது வயதுவரை நினைத்திருந்தேன்.

அக்கா குடும்பம் ஜேர்மனியில். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை வருவதும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறுவதும் ஏறக்குறைய ஒரே காலம் என்பதால் ஆவணியில்தான் வருவார்கள். அந்த இருபத்தைந்து நாளும் எங்கள் குசினிக்குள் மீனும் இல்லை, முட்டையும் இல்லை. மூன்றாம் நாளே மருமகன் கேட்கத் தொடங்கிவிட்டான்: “ஸ்னிட்சல் எப்ப?” மெல்லிசாகத் தட்டி, தூள் பூசிப் பொரித்த இறைச்சித் துண்டுக்கு அங்கே அதுதான் பெயர். அம்மாவிடம் ஒரே பதில்தான்: “கொடி இறங்கட்டும் ராசா.”

கொடி இறங்குவதற்குள் அத்தானின் லீவு முடிந்துவிட்டது. அவர்தான் அந்த வீட்டில் ஸ்னிட்சல் போடுகிறவர். அக்காவும் பிள்ளைகளும் இன்னும் ஒரு கிழமை நிற்பார்கள். அக்காவுக்குச் சாப்பிட மட்டும்தான் தெரியும். ஆக, வேலை என் தலையில் விழுந்தது.

முதல் முறை நான் செய்தது சுத்த யாழ்ப்பாணத்து வேலை. கோழி நெஞ்சை வெட்டி, தேசிக்காய்ப் புளி, மிளகாய்த்தூள், இஞ்சி, உள்ளி, உப்பு எல்லாம் பிரட்டி இரவு முழுக்கப் பிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் பாத்திரத்தின் அடியில் சிவப்புத் தண்ணீர். அதை வடித்துவிட்டு, அப்படியே கோதுமை மாவில் போட்டேன். மா பசையாகிவிட்டது. அந்தப் பசையின் மேல் முட்டை நிற்காமல் வழுக்கியது. சரி, தூள் போட்டால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று கையால் அமத்தி அமத்திப் பூசினேன். எண்ணெயில் போட்டதும் ஒரு பக்கம் முழுக்க மேலங்கியைக் கழற்றியதுபோல் கழன்று மிதந்தது. மற்றப் பக்கம் தாச்சியின் அடியில். மூன்றாவது துண்டு போடும்போது எண்ணெய் முழுக்கக் கறுத்த தூள், செத்த எறும்பு மிதப்பதுபோல.

மருமகன் ஒரு துண்டை மென்றுவிட்டு மிக மரியாதையாகச் சொன்னான்: “சித்தி, இது நல்ல கோழிப் பொரியல்.”

அன்று இரவு அத்தானுக்குப் போன் எடுத்தேன்.

“ஊற வைச்சியே? ஆர் உனக்கு ஊற வைக்கச் சொன்னது?”

“ஊற வைக்காமல் எப்பிடி அத்தான் உப்புப் பிடிக்கும்?”

“காகிதக் கைக்குட்டை தோற்றுப்போகும், அப்பிடி மெல்லிசாய்த் தட்டு. பிறகு எதுக்கு ஊற வைக்கிறது?”

முழு விளக்கமும் அதற்குள்ளேயே இருந்தது. இறைச்சியின் மேலிருக்கிற ஈரம் நூறு பாகையில் ஆவியாகும். எண்ணெயின் சூடோ நூற்றெழுபது. உள்ளே எழுகிற ஆவி வெளியே போக வழி தேடும்போது, நாங்கள் போட்ட உடுப்பைத் தள்ளிக்கொண்டுதான் போகும். முதலில் மா போடுவது அந்த ஈரத்தை உறிஞ்ச, முட்டை போடுவது ஒட்ட, தூள் போடுவது மொறுமொறுப்புக்கு. என் மா ஈரத்தை உறிஞ்சவில்லை, ஈரத்திலேயே குளித்தது.

இரண்டாம் முறை நெஞ்சுத் துண்டைப் பக்கவாட்டில் பிளந்தேன். சீனி வந்த பொலித்தீன் பையை வெட்டி விரித்து, இடையில் வைத்துத் தட்டினேன். முதலில் அம்மிக் குழவியைத்தான் எடுத்தேன். அம்மா பறித்துவிட்டார்: “அதாலை அடிச்சால் சம்பல்தான் வரும்.” பிறகு சப்பாத்திக் கட்டை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, இடிக்காமல் தள்ளுவதுபோல். அரைச் சென்ரிமீற்றருக்கு வந்ததும் நிறுத்தினேன். உள்ளங்கை அளவுத் துண்டு இப்போது என் முகத்தளவு.

ஒற்றி உலர்த்தி, உப்பும் மிளகும் மா போடுவதற்குச் சற்று முன்தான் தூவினேன். முன்கூட்டியே போட்டால் உப்பே தண்ணீரை இழுத்து வெளியே விட்டுவிடும். மூன்று கோப்பை வரிசையாக: மா, அடித்த முட்டை, தூள். வலக்கை உலர்ந்ததுக்கு, இடக்கை ஈரத்துக்கு. இதை மறந்தால் கடைசியில் விரல்கள்தான் கட்லட்.

தூள் விஷயத்தில் நான் இப்போது பிடிவாதக்காரி. பெட்டியில் வருகிற ரஸ்க் தூள் வேண்டாம். அது ஏற்கெனவே இரண்டு முறை சுட்டது, இறைச்சி வேகுமுன் கறுத்துவிடும். முதல்நாள் வாங்கிய ஒரு இறாத்தல் பாணை, அச்சுப் பாணோ றோஸ் பாணோ, கரை வெட்டிப் பிய்த்து, சுளகில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி வெயிலில் வைத்தேன். ஆவணி வெயிலுக்கு இரண்டு மணித்தியாலம் தாராளம். மிக்சியில் இரண்டு சுற்று, அவ்வளவுதான். மாவாக அரைக்கக் கூடாது, குறுணலாக இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு குறை: “வெறும் உப்போ? காரம் இல்லாமல் என்னெண்டு சாப்பிடுறது?” அதற்கும் வழி கிடைத்தது. மிளகாய்த்தூளைப் பாண் தூளில் கலந்தால் கருகிக் கைக்கும். அடியிலிருக்கிற மாவில் கலந்தால் மேலுள்ள தூள் அதைக் காப்பாற்றும். அரைத் தேக்கரண்டி போட்டேன். நிறமும் கெடவில்லை.

எண்ணெய் இரண்டு விரல் உயரம். ஒரு சிட்டிகை தூள் போட்டுப் பார்த்தேன். உடனே மேலெழுந்து சுற்றிக் குமிழியிட்டால் சரி. ஆலையிலிருந்து நேரே வந்த தேங்காய் எண்ணெய் நூற்றெழுபத்தைந்து பாகைக்குக் கிட்டவே புகையத் தொடங்கும் என்பதால் அன்றைக்குச் சுத்திகரித்த எண்ணெய். ஒவ்வொரு துண்டாகப் போட்டு, தாச்சியை மெதுவாக ஆட்டினேன், சூடான எண்ணெய் மேலும் ஏறி வர. அப்போதுதான் நடந்தது: தூள் இறைச்சியை விட்டு அங்கங்கே உப்பி எழுந்தது, அப்பளம்போல. கழன்றுவிட்டது என்று பயந்துபோனேன். இல்லை, அப்படி உப்புவதுதான் சரியாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம்.

கடதாசியில் போட்டால் அடிப்பக்கம் வேர்த்து நமத்துப்போகும். கம்பித் தட்டு எங்களிடம் இல்லை. அம்மா இடியப்பத் தட்டைக் கவிழ்த்துத் தந்தார். பிளாஸ்டிக் அல்ல, பழைய பிரம்புத் தட்டு. கண்கள் வழியே ஆவி கீழே போய்விட்டது, கடைசித் துண்டுவரை முறுகலாக இருந்தது. கம்பித் தட்டு வாங்குகிற எண்ணத்தையே விட்டுவிட்டேன்.

மருமகன் தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டான். அம்மா புட்டோடும் இடிச்ச சம்பலோடும் சாப்பிட்டார். உங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லுங்கள், முக்கியமாகச் சொதப்பியவர்கள்.

பருத்தித்துறையிலிருந்து:

சொதப்பியவன் நான். கோழியில் அல்ல, கொத்தின ஆட்டிறைச்சியில். கட்லட் என்றால் எனக்கு உருண்டைதான், தட்டையாகப் போட்டதைக் கட்லட் என்று கூப்பிட மனம் வராது.

அரைக்கிலோ இறைச்சிக்குக் கால்கிலோ கிழங்கு கணக்கு. அப்போதுதான் சந்தைக்கு வந்த புதுக்கிழங்கு, தோல் விரலால் உரியும். ஆசையில் தோல் சீவி, நாலாக வெட்டி அவித்தேன். தண்ணீர் குடித்துக் கூழாகிவிட்டது. இறைச்சியும் முழுக்க வற்றவில்லை. எண்ணெயில் போட்ட முதல் ஐந்தும் பட்டாசுபோல் வெடித்தன. முகத்தில் தெறிக்காதது தெய்வச்செயல். மனைவி மீதியை எடுத்துக் கறியாக்கிவிட்டார், பாணுக்கு நன்றாக இருந்தது.

இப்போது கிழங்கைத் தோலோடு முழுசாக அவித்து, உரித்து, வெறும் தாச்சியில் இரண்டு நிமிடம் ஈரம் போகப் புரட்டுகிறேன். இறைச்சியைத் தனியே பெருஞ்சீரகம், கறிவேப்பிலை போட்டு, கரண்டி இழுத்தால் தாச்சியில் தண்ணீர்க் கோடு விழாத பதத்துக்கு வற்ற வைக்கிறேன். ஆறவிட்டுத்தான் உருட்டல். உருட்டியதை ஒரு மணித்தியாலம் பிரிட்ஜில் வைப்பேன். முட்டையும் தூளும் இரண்டு முறை. உள்ளே எல்லாம் வெந்ததுதான், வெளியே நிறம் வந்ததும் எடுத்துவிடலாம்.

2022இல் காஸ் இல்லாத மாதங்களில் இதையே விறகு அடுப்பில் பொரித்தேன். சூட்டைக் கூட்டுவது சுலபம், குறைப்பதுதான் பாடு. கொள்ளியை வெளியே இழுத்து இழுத்தே கண் சிவந்துவிட்டது. ஆனால் அந்த எண்ணெய் விலையில் ஒரு கட்லட்டையும் கருகவிட மனம் வருமா?

ஜேர்மனியிலிருந்து, ஊர் சாவகச்சேரி:

அக்கா, உங்கள் அத்தான் சொன்னதெல்லாம் சரி. நான் வந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவினேன், பிறகு தூள் பூசுகிற வேலைக்கு உயர்த்தினார்கள். முதல் நாள் நானும் உங்களைப்போல் அமத்தித்தான் பூசினேன். தலைமைச் சமையற்காரர் ஒன்றும் பேசவில்லை. என் துண்டைத் தூக்கி, ஓரத்தில் நகத்தால் கீறிக் காட்டினார்: பலகைபோல் இறுகியிருந்தது. அமத்தினால் தூளுக்கு உப்ப இடமில்லை. தூளுக்குள் போட்டு, மேலே தூளை அள்ளிக் கொட்டி, தூக்கி ஒரு உதறு. பூசிய உடனே எண்ணெய்க்குப் போக வேண்டும், அடுக்கி வைத்தால் நனைந்துவிடும்.

இங்கே ஒரு விதியும் இருக்கிறது. வெறுமனே ‘வீனர் ஸ்னிட்சல்’ என்று பட்டியலில் எழுதினால் அது கன்றிறைச்சியாகத்தான் இருக்க வேண்டும். பன்றி என்றால் ‘வியன்னா முறையில்’ என்றோ, பன்றி என்று வெளிப்படையாகவோ எழுத வேண்டும். மாடு சாப்பிடாத எங்கள் ஆட்கள் பெயரை நம்பி ஓடர் பண்ணிவிட்டு முழிப்பதை எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். வீட்டில் கோழிதான் நிம்மதி. கோழி என்றால் நடுப்பகுதி 74 பாகைக்கு வந்திருக்க வேண்டும். மெல்லிசாகத் தட்டியிருந்தால் அந்த இரண்டு இரண்டு நிமிடம் போதும்.

இங்கே பொரிக்கிற உருக்கிய வெண்ணெய் வேறொன்றுமில்லை, எங்கட நெய்தான். எண்ணெயில் இரண்டு கரண்டி நெய் விட்டுப் பாருங்கள், வாசத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். பருத்தித்துறை அண்ணைக்கு ஒரு தகவல்: கட்லட் என்ற சொல் பிரெஞ்சில் விலா எலும்புத் துண்டைக் குறித்த பெயர். உங்கள் உருண்டையிலும் எலும்பு இல்லை, எங்கள் தட்டையிலும் இல்லை. சண்டையை விடுங்கோ.

நல்லூரிலிருந்து:

மிஞ்சியதை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், நனைந்த துணியைச் சாப்பிடுவதுபோல் இருக்கும். எண்ணெய் விடாத தோசைக்கல், சின்ன நெருப்பு.

கொக்குவிலிலிருந்து மீண்டும்:

நெய் விட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கவில்லை, பூனைதான் வந்தது. அமத்தாமல் பூசியதில் ஓரம்கூட உப்பி வந்தது, படம் எடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். “இப்பதான் ஸ்னிட்சல்” என்று பதில் போட்டார்.

மிஞ்சிய பாண் தூளை அம்மா ஒரு போத்தலில் போட்டு இறுக மூடி வைத்திருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால், வட்டமாக வெட்டிய கத்தரிக்காய், முட்டைக்குப் பதில் கரைத்த மாவில் தோய்த்து, அந்தத் தூளில் பிரட்டிப் பொரித்தது, இடியப்பத் தட்டில் கவிழ்ந்து கிடந்தது.