டெனோஃபோவிர் மாத்திரை தடையின்றி எங்கே கிடைக்கும்?

பர்மாவின் மோல்மேன் நகரில் வசிக்கும் என் அண்ணனுக்கு (வயது 52) ஹெபடைடிஸ் பி கிருமியால் கல்லீரல் சுருக்கம் ஏற்பட்டிருப்பது 2023இல் உறுதியானது. அன்றிலிருந்து நாள்தோறும் அந்தக் கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் 300 மி.கி. மாத்திரை ஒன்று சாப்பிட்டு வருகிறார். நீர் பிரியும் மாத்திரையாலும் உப்பைக் குறைத்ததாலும் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. ஙப்பி (உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுது), கருவாடு இரண்டையும் அறவே விட்டுவிட்டார், அண்ணி அவருக்கென்று தனிச் சட்டியில் பருப்பு வேகவைக்கிறார்.

இப்போது டெனோஃபோவிர் எங்கள் ஊர் மருந்துக் கடைகள் எதிலும் இல்லை. கையிருப்பு இரண்டு வாரத்துக்கே வரும். மஞ்சள் காமாலையோ இரத்த வாந்தியோ இல்லை, சோர்வு மட்டும் இருக்கிறது.

ரங்கூன் சென்று வந்த உறவினருக்கு ஒரு புட்டிதான் கிடைத்தது. கடைக்காரர் ஒருவர் தர முன்வந்த லாமிவுடின் என்ற வேறொரு ஹெபடைடிஸ் பி மருந்தை, நாளடைவில் கிருமி அதற்கு எளிதில் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும் என்பதால், மருத்துவர் வேண்டாமென்றார். கீழாநெல்லி போதும் என்று பெரியவர்கள் அன்போடு சொல்கிறார்கள். அது இந்த மருந்துக்கு ஈடாகாது. மாத்திரை திடீரென்று நின்றால் கிருமி மீண்டும் பெருகி, ஏற்கெனவே சுருங்கிய கல்லீரல் செயலிழக்கக்கூடும் என்பதே எங்கள் அச்சம்.

ரங்கூனிலோ மோல்மேனுக்கு அருகிலோ, டெனோஃபோவிர் அல்லது மருத்துவர் மாற்றாக ஏற்றுக்கொண்ட என்டெகாவிர் மாதந்தோறும் தவறாமல் கிடைக்கும் இடம் எது?