வெப்ப நெரிப்பா, வேகத்தணிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியின் செயலி (புராசசர்) அளவுமீறிச் சூடேறும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதை ‘தெர்மல் த்ராட்லிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘வெப்ப நெரிப்பு’ என்று நேற்று இங்கே வந்த பரிந்துரையைப் படித்தேன். சுருக்கமான சொல்தான். ஆனால் நெரிபடுவது வெப்பம் இல்லையே, வேகம் அல்லவா? ‘கழுத்து நெரிப்பு’ என்றால் நெரிபடுவது கழுத்து. அந்தப் பழக்கத்தில் படிப்பவர், செயலி வெப்பத்தைப் பிடித்து ஏதோ செய்கிறது என்றே எடுத்துக்கொள்வார். ‘வெப்பக் கட்டுப்பாடு’ இன்னும் பொதுவானது. மின்விசிறி செய்வதும் அதைத்தான்.

நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் சொல் தானாக வரும். என் மடிக்கணினியில் பெரிய நிரல் ஒன்றைக் கம்பைல் செய்தபடி (செயலிக்குப் புரியும் மொழிக்கு மாற்றியபடி) செயலியின் கடிகார வேகத்தை, அதாவது அது இயங்கும் வேகத்தை, கவனித்தேன். முதல் சில நொடிகள் 4.2 கிகாஹெர்ட்ஸ். வெப்பநிலை 97 டிகிரியைத் தொட்டது, விசிறி இரைந்தது. அப்புறம் வெப்பநிலை அங்கேயே நிற்க, வேகம் மட்டும் 3.6, 3.1, 2.8 என்று இறங்கியது. கூடவே மின்னழுத்தமும் இறங்கியது. செயலிக்குள் நுண் சுவிட்சுகளாக இருக்கும் டிரான்சிஸ்டர்கள் மாறிமாறித் திறந்து மூடச் செலவாகும் மின்திறன் (சூடாக மாறுவது அதுதான்), வேகத்துக்கு நேர்விகிதம். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். இரண்டையும் 20 விழுக்காடு குறைத்தால் அந்தத் திறன் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

அப்படியானால் மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போகலாமே? பல ஆண்டுகள் அப்படித்தான் போனது. 5 வோல்ட் 3.3 ஆகி, பிறகு 1 வோல்ட்டை ஒட்டி வந்து நின்றது. அதற்கும் கீழே போனால் டிரான்சிஸ்டர் மெதுவாகத் திறக்கும். அதைச் சரிக்கட்ட, அது திறக்கத் தொடங்கும் மின்னழுத்தத்தையே தாழ்த்தினால் மூடியிருக்கும்போதும் மின்னோட்டம் கசியும். 60 முதல் 100 மில்லிவோல்ட் தாழ்த்தினாலே கசிவு பத்து மடங்காகிவிடும். மின்னழுத்தம் இறங்காதபோது வேகத்தை ஏற்றினால் சூடும் ஏறும். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 செயலியை இன்டெல் 2004இல் கைவிட்டு, கோர்களை (ஒரே செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளை) கூட்டும் பக்கம் திரும்பியது. மின்னழுத்தம் கூடினால் சூடு, குறைந்தால் மந்தம் அல்லது கசிவு. ஆகவே ‘மின்னழுத்த எல்லை’ என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதாது. ‘மேல்வரம்பு’, ‘கீழ்வரம்பு’ இரண்டும் வேண்டும்.

சரி, என் பரிந்துரை ‘வேகத்தணிப்பு’. வெயில் தணிந்தது, காய்ச்சல் தணிந்தது என்கிறோம். காற்றின் வேகம் தணிந்தது என்றும் சொல்கிறோம். சூட்டுக்கும் வேகத்துக்கும் ஒரே வினை பொருந்துவது நமக்கு வாய்த்த வசதி, அதை விடக்கூடாது. காரணத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘வெப்பவழி வேகத்தணிப்பு’, ‘மின்வழி வேகத்தணிப்பு’ என்று பிரிக்கலாம். ‘செயலி தன் வேகத்தைத் தணித்துக்கொண்டது’ என்று வாக்கியத்திலும் இடறாமல் வருகிறது.

அலைகள் வலுவிழப்பதற்கும் ‘தணிப்பு’ என்று எழுதுபவர்கள் உண்டு. ‘வேகம்’ முன்னால் நிற்பதால் குழம்பாது என்று நம்புகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள். சூடு குறைவாக உள்ள சில நொடிகளுக்குச் செயலி வேகத்தைக் கூட்டிக்கொள்கிறதே, அந்த ‘டர்போ’வுக்கு ‘வேகவேற்றம்’ சரிப்படுமா என்றும் சொல்லுங்கள்.