ஆர்மர்ட் கோர் 6: பால்டியஸ் கேடயம் உடையவே மாட்டேங்குது, பில்டில் என்ன மாத்தணும்?

சுருட்டுக்கம்பி:
ஆர்மர்ட் கோர் 6 ரோபோ சண்டை கேம்ல முதல் சாப்டரோட கடைசி மிஷன், வாட்ச்பாயிண்ட் தாக்குதல். முதல்ல வர்ற எதிரி பைலட் சுல்லாவை முடிச்சாச்சு. அடுத்து வர்ற பாஸ் பால்டியஸ்கிட்டதான் சிக்கல், அதைச் சுத்தி ஒரு பல்ஸ் கேடயம். என்னோடது ரெண்டு கால் ஏசி (நாம ஓட்டற ரோபோ). வலது கையில் டர்னர் ரைஃபிள், இடது கையில் பல்ஸ் பிளேடு, ஒரு தோளில் நாலு குழல் ஏவுகணை, இன்னொரு தோள் காலி. கேடயத்தை உடைக்கறதுக்குள்ளயே மூணு ரிப்பேர் கிட்ல ரெண்டு காலி. அப்படியே உடைச்சாலும் ஸ்டேகர் (அடி சேர்ந்து நிலைகுலையறது) ஆகறதுக்குள்ள மறுபடி கேடயம் போட்டுக்குது. இஎன் (எனர்ஜி) பட்டை எப்பப் பார்த்தாலும் காலி. ரைஃபிளை மாத்தணுமா, ஜெனரேட்டரை மாத்தணுமா?

நாலுகால்பூச்சி:
ரைஃபிள்தான். டர்னர் மோசமான துப்பாக்கி இல்ல, ஆனா பல்ஸ் கேடயத்துல அந்தக் குண்டுக்கு மதிப்பே கிடையாது. அதைக் கழட்டிட்டு பல்ஸ் கன் மாட்டுங்க. ஷாப்ல எச்ஐ-16: ஜியூ-க்யூ1னு இருக்கும். காசு பத்தலைன்னா பழைய பார்ட்டை வித்துடுங்க. இந்த கேம்ல வாங்கின விலைக்கே திருப்பி எடுத்துக்குவாங்க, ஒரு கோம் (கேம் காசு) கூட நஷ்டம் இல்ல.

பல்ஸ் கன்னுக்கு ரீலோட் கிடையாது, சூடுதான் எல்லை. பட்டனை அழுத்திக்கிட்டே இருந்தா ஓவர்ஹீட் ஆகி, சரியா கேடயம் உடையப்போற நேரத்துல கை சும்மா நிக்கும். வெப்ப அளவு நிரம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே விரலை எடுத்து, லேசா ஆற விட்டு மறுபடி சுடுங்க. தூரத்துல இருந்து சுட்டாலும் வீண்தான், அது மெதுவா போற குமிழி, ஒட்டி நின்னாத்தான் படும். கேடயம் போனதும் ஏவுகணையை விட்டு ஸ்டேகர் பட்டையை ஏத்துங்க. பிளேடை அதுவரைக்கும் பிடிச்சு வைங்க. நிறைய பேர் கேடயம் உடைஞ்ச சந்தோஷத்துல உடனே வீசிடுவாங்க, ஸ்டேகர் ஆகும்போது பிளேடு ஆறிக்கிட்டு இருக்கும். பட்டை நிரம்பி அது நிலைகுலைஞ்ச பிறகு ரெண்டு வீச்சையும் முழுசா போடுங்க, அந்த நேரத்துல விழுற அடிக்குத்தான் கூடுதல் சேதம்.

காலி தோளை அப்படியே விடாதீங்க. வெடிக்கிற வகை எதையாவது மாட்டுங்க, ஸ்டேகர் சீக்கிரம் ஏறும்.

மின்கணக்கு:
மேலே சொன்னது சரி, ஆனா இஎன் தனிப் பிரச்சினை. புதுசா ஜெனரேட்டர் வாங்கறதுக்கு முன்னாடி அசெம்ப்ளி திரையில ரெண்டு எண்ணைப் பாருங்க: இஎன் அவுட்புட், இஎன் லோட். லோட் மிஞ்சினா மிஷனுக்கே விடமாட்டாங்க, அது எல்லாருக்கும் தெரியும். கவனிக்காம விடறது என்னன்னா, ரெண்டுக்கும் நடுவுல மிஞ்சற அளவைப் பொறுத்துத்தான் பட்டை எவ்வளவு வேகமா நிரம்பும்னு முடிவாகுது. லோட் எல்லையை ஒட்டி நின்னா எவ்வளவு பெரிய ஜெனரேட்டரும் மந்தமாத்தான் நிரப்பும். கோர் (உடல்) பார்ட்லயும் ஜெனரேட்டர் அவுட்புட்டைக் கூட்டிக் குறைக்கிற ஒரு மதிப்பு உண்டு. அதனால சில சமயம் ஜெனரேட்டரைத் தொடாம கோரை மாத்தினாலே போதும்.

இன்னொண்ணு, பட்டையைச் சுத்தமா காலி பண்ணாதீங்க. கொஞ்சம் மீதி வச்சு நிறுத்தினா நிரம்பறது சீக்கிரம் ஆரம்பிக்கும். முழுசா தீர்ந்தா காத்திருக்கிற நேரம் வேற, அது நீளம். நீங்க சொல்றதைப் பார்த்தா ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் வரைக்கும் போறீங்க. வானத்துலயே மிதக்காதீங்க. தரை தொட்டா பட்டை தானா நிரம்பும்.

குறி பார்க்க உதவற பார்ட்டான எஃப்சிஎஸ்ஸையும் பாருங்க. 130 மீட்டருக்குள்ள கிட்ட, 260 வரைக்கும் நடு, அதுக்கு மேல தூரம். பல்ஸ் கன்னோட ஒட்டி ஆடப்போறீங்கன்னா கிட்டத்துக்கான எண் பெருசா இருக்கிற எஃப்சிஎஸ் வேணும். ஷாப்ல இருந்தா அப்பட்ங்கிற எஃப்சிஎஸ்ஸை எடுங்க.

சுருட்டுக்கம்பி:
நன்றி. கேரேஜுக்குத் திரும்பிப் போனா சுல்லாவை மறுபடி அடிக்கணுமா? பால்டியஸ் விடற ஏவுகணை வளையத்துக்கும் ஏதாவது வழி சொல்லுங்க, பின்னால போனா துரத்திக்கிட்டே வருது.

நாலுகால்பூச்சி:
செக்பாயிண்ட்ல இருந்து ரீட்ரை பண்ணும்போது அசெம்ப்ளி மாத்தலாம், ஆனா கையில ஏற்கனவே இருக்கிற பார்ட்தான். ஷாப் திறக்காது. பல்ஸ் கன் வாங்கலைன்னா வெளிய போய் வாங்கிட்டு, சுல்லாவை இன்னொரு தடவை முடிச்சுத்தான் வரணும். பிடிக்குமோ பிடிக்காதோன்னு ரெண்டு மூணு பார்ட் சேர்த்தே வாங்கி வந்துடுங்க.

பின்னால போறதுதான் தப்பு. அந்த வளையம் விரிஞ்சு, வளைஞ்சு, நீங்க நிக்கிற இடத்துல கூடும். அது கூடறதுக்கு முன்னாடியே அசால்ட் பூஸ்ட்ல (முன்னால வேகமா பாயறது) நேரா பால்டியஸோட வயித்துக்குக் கீழ பாய்ஞ்சா முக்கால்வாசி தலைக்கு மேலேயே போயிடும். மிஞ்சினதுக்கு ஒரே ஒரு பக்கவாட்டு க்விக் பூஸ்ட் (சட்டுனு துள்ளறது). ரெண்டாவது அடிக்காதீங்க, அங்கதான் உங்க இஎன் தீருது.

பால்டியஸோட உயிர் பாதிக்கு வந்ததும் ஒளியைச் சேர்த்து வெடிக்கும். அது சேரும்போதே விலகிடுங்க. அப்புறம் நெருப்பு வீச்சு. பெரிய வட்டமா வீசும், எதிர்ல நிக்காம மேலே எழும்பி அதோட பின்பக்கம் போங்க.

தொட்டிக்கால்:
டேங்க் கால் போட்டு ரெண்டு கையிலயும் சுட்டாலே விழும், இவ்வளவு யோசிக்கவே வேணாம்.

மின்கணக்கு:
விழும், மறுக்கல. ஆனா டேங்க் காலோட பூஸ்டர் அதுக்குள்ளேயே இருக்கு, தனி பூஸ்டர் மாட்ட முடியாது. பக்கவாட்டா துள்ளிப் பழகினவருக்கு அந்த ஓட்டமே வேற மாதிரி இருக்கும். சுமை தாங்குதேன்னு கனமான ஆயுதமா ஏத்தினா கையோட சுமை எல்லையையும் பாருங்க, அது தாண்டினா குறி மெதுவாகிடும்.

அப்புறம், 2023 ஆகஸ்ட்ல கேம் வந்த புதுசுல எடுத்த வீடியோக்களைப் பார்த்து சேதக் கணக்கு போடாதீங்க. செப்டம்பர் அப்டேட்ல பால்டியஸைக் கொஞ்சம் தணிச்சுட்டாங்க. நகர்ற விதத்தை மட்டும் பார்த்துக்கலாம்.

தொட்டிக்கால்:
அரீனால (தனி மோதல் களம்) ரெண்டு மூணு பேரை அடிச்சு ஓஎஸ்டி சிப் (ஏசிக்குப் புது வசதி திறக்கிற சிப்) சேர்த்தீங்கன்னா, உங்களைச் சுத்தி வெடிக்கிற அசால்ட் ஆர்மர் திறக்கலாம். கேடயம் இருக்கும்போது ஒட்டி நின்னு வெடிச்சா பெரிய பங்கு உரிஞ்சிடும். ஆரம்பத்துல ஒரு தடவைதான், அதை ரெண்டாவது பாதிக்கு வச்சிருங்க.