அயர்லாந்து புராட்டஸ்டன்ட் முன்னோர்: எரிந்துபோன பதிவேட்டுக்கு அப்புறம்

என் மாமியார் கேவன் மாவட்டத்து விவசாயக் குடும்பம். தலைமுறை தலைமுறையாகச் சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற புராட்டஸ்டன்ட் சபை, கலப்பே கிடையாது என்று பெருமையாகச் சொல்வார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைத் தேடித் தருகிறேன் என்று நானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் நாளே அடி. அந்த பாரிஷின் (சர்ச் வட்டாரத்தின்) பழைய பதிவேடுகள் 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகத்தோடு எரிந்துவிட்டன. 1869 சட்டத்தால் சர்ச் ஆஃப் அயர்லாந்து இனி அரசுச் சபை இல்லை என்று ஆனதும், பழைய பதிவேடுகள் அரசு ஆவணம், பத்திரமாக இருக்கட்டும் என்று டப்ளினுக்கு வாங்கி வைத்தார்களாம். பத்திரம்! கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்த ஊர்ச் சாமியார் வசமே கிடந்ததால் தப்பித்தன.

கொள்ளுத்தாத்தாவின் அப்பா அம்மா கல்யாணம் மட்டும் கிடைத்தது. கத்தோலிக்க முறையில் நடக்காத திருமணங்களை 1845 ஏப்ரல் முதல் அரசும் தனியாகப் பதிந்திருக்கிறது, ஐரிஷ்ஜீனியாலஜி தளத்தில் படமாகவே பார்க்கலாம், காசில்லை. வயது எழுத வேண்டிய இடத்தில் இருவருக்கும் 'ஃபுல்' என்று ஒரே வார்த்தை. 21 தாண்டியாச்சு, அவ்வளவுதான், 22-ஓ 45-ஓ யார் கண்டது. பெண்ணின் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி, கைநாட்டு.

அப்புறம் 1901 கணக்கெடுப்புப் படிவத்தைத் திரும்ப எடுத்தபோதுதான் மதம் என்ற கட்டம் கண்ணில் பட்டது (அதுவரை பெயரையும் வயதையும் மட்டுமே பார்த்திருக்கிறேன், என்னைச் சொல்ல வேண்டும்). கொள்ளுத்தாத்தா, மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் சர்ச் ஆஃப் அயர்லாந்து. கூடவே இருந்த அவருடைய வயதான அம்மாவுக்கும் கல்யாணமாகாத அக்காவுக்கும் ரோமன் கத்தோலிக்! பையன்கள் அப்பா வழி, பெண்கள் அம்மா வழி என்று பிரித்து வளர்ப்பது கலப்பு மணத்தில் அந்தக் காலத்து ஏற்பாடு. தேசிய நூலகம் இணையத்தில் போட்டிருக்கும் கத்தோலிக்கப் பதிவேட்டில் லத்தீன் கிறுக்கல்களை ஒரு வாரம் புரட்டி கொள்ளுத்தாத்தாவின் சகோதரிகள் மூன்று பேரையும் பிடித்துவிட்டேன். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் கல்யாணப் பதிவோடு ஒத்துப்போனது. கொள்ளுத்தாத்தா மட்டும் எரிந்த புத்தகத்தில்தான்.

மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீ வைக்கப் போய்விட்டார்.

பதில்:
1901, 1911 வயதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். என் வீட்டுக்காரரின் முன்னோர் ஒருவர் 1901-இல் 57, 1911-இல் 72. 1909 ஜனவரியில் 70 வயதானவர்களுக்கு பென்ஷன் வந்ததும் ஊரே சீக்கிரம் கிழடாகிவிட்டது. 1864-க்கு முன் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? அதனால் பென்ஷன் கேட்டவர்களின் வயதை நிரூபிக்க, 1841, 1851 கணக்கெடுப்பில் பெயர் இருக்கிறதா என்று அப்போது டப்ளினில் தேடிச் சொன்னார்கள். அந்தக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் அதே 1922 தீயில் போயின, தேடிய படிவங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் தப்பி நிற்கின்றன. எங்கள் ஆளின் அப்பா, அம்மா, டவுன்லேண்ட் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு) எல்லாம் அதில்தான் கிடைத்தது.

பதில்:
சர்ச்சுக்கே போய்க் கேளுங்கள். பத்திரமான பெட்டி இருந்த பாரிஷ்கள் பதிவேட்டைத் தங்களிடமே வைத்துக்கொள்ள அனுமதி வாங்கின, சில குருமார் அனுப்பும் முன் நகலும் எடுத்தார்கள். நான் போன லீட்ரிம் கிராமத்தில் சர்ச்சுக்குள் ஓர் இரும்புப் பெட்டி, அதன் சாவி பக்கத்துப் பண்ணை வீட்டு அடுப்படி ஆணியில். அடக்கப் பதிவேட்டில் கத்தோலிக்கர் பெயர்களும் இருந்தன, ஊருக்கே பழைய கல்லறைத் தோட்டம் அது ஒன்றுதான். உங்கள் கைநாட்டு அம்மாவையும் அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள்.