பாரீஸிலிருந்து வந்த எச்சரிக்கை மின்னஞ்சல்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டை. மகன் லீவுக்குப் பாரீஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறான். லேப்டாப்பைத் திறந்து வைஃபையில் இணைத்ததோடு சரி. மூன்று வாரம் கழித்து அக்கா வீட்டுக்காரருக்கு இணையத்தில் பதிப்புரிமை மீறலைக் கவனிக்கும் பிரெஞ்சு அமைப்பான ஆர்காமிலிருந்து மின்னஞ்சல். உங்கள் இணைப்பிலிருந்து ஒரு திரைப்படம் பகிரப்பட்டிருக்கிறது என்று தேதி, நேரத்தோடு போட்டிருக்கிறார்கள்.

அவன் அங்கே எதையும் இறக்கவில்லை என்கிறான், நம்புகிறேன். ஆனால் இங்கே எப்போதோ இறக்கிய படம் டாரண்டில் (ஒருவருக்கொருவர் கோப்பு பகிரும் மென்பொருள்) அப்படியே கிடந்திருக்கிறது. விண்டோஸ் திறந்ததும் அது தானாக ஓடி, மற்றவர்களுக்கு அனுப்பியபடியே இருந்திருக்கிறது. வீடியோ காலில் காட்டினான்: திரையின் வலது மூலையில் சின்ன ஐகான், உள்ளே ‘சீடிங்’, அதாவது பகிர்ந்துகொண்டிருக்கிறது என்று. அந்தக் கோப்பைப் பகிரும் எல்லாருக்கும் நம் ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தெரியுமாம். எனக்கு இப்போதுதான் தெரியும்.

பிரான்சில் பொறுப்பு இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. ஆறு மாதத்துக்குள் திரும்ப நடந்தால் பதிவுத் தபால், அப்புறமும் தொடர்ந்தால் 1,500 யூரோ வரை அபராதம் வரலாம். இடம் கொடுத்த மனுஷனுக்கு இப்படியா என்று மனசு உறுத்துகிறது.

முதல் மின்னஞ்சலுக்கு அவர் பதில் எழுத வேண்டுமா? எழுதினால் உண்மையை அப்படியே சொல்லலாமா? நம் ஊரிலும் 1957 பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவில் சிறை உண்டு. அதனால் மென்பொருளையும் படத்தையும் அழிக்கச் சொல்லிவிட்டேன். அது போதுமா? ஐபி முகவரியை மறைக்கும் விபிஎன் போடச் சொல்லாதீர்கள், அது வேண்டாம். அங்கே இந்தக் கடிதம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.