நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கேம் கருவியில் மெமரி கார்டு ஏற்கவில்லை, புதிதாக வாங்கியதும் அப்படியே. உதவி தேவை

அரைத்தூக்கம்
வணக்கம். பழைய ஸ்விட்ச்சில் மூன்று வருடமாக ஒரு 512 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு போட்டிருந்தேன். ஒருநாளும் தகராறு செய்ததில்லை. ஸ்விட்ச் 2 கைக்கு வந்ததும் அதே கார்டைக் கழற்றி இதில் போட்டேன். கேம்களுக்கு இந்தக் கார்டு ஆகாது என்கிறது. கார்டு போய்விட்டதோ என்று திரும்பப் பழையதில் போட்டுப் பார்த்தால் அங்கே நன்றாக ஓடுகிறது.

சரி, வேகம் போதவில்லை போல என்று இன்னொன்று வாங்கினேன். உறையிலேயே நொடிக்கு 190 எம்பி என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதற்கும் அதே பதில். கார்டு செருகும் இடம் பழுதா? உள்ளே இருக்கும் 256 ஜிபியும் நிரம்பப் போகிறது. போதாததற்கு நேற்று வாங்கிய கேம் கார்டைப் போட்டால் அதுவும் டவுன்லோட் செய்யச் சொல்கிறது. கார்டு கையில் இருக்கும்போது எதற்கு டவுன்லோட்?

பொத்தான்பொடியன்
எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. ஃபார்மட் அடித்துவிட்டுப் போடுங்கள், சரியாகிவிடும்.

பழையகேட்ரிட்ஜ்
ஐயோ, ஃபார்மட் செய்துவிடாதீர்கள்! எத்தனை முறை செய்தாலும் இது தீராது, கார்டில் இருப்பதுதான் அழியும்.

சகோ, உங்கள் கருவியில் பழுது எதுவும் இல்லை. ஸ்விட்ச் 2 கேம்களுக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுகளை மட்டும்தான் ஏற்கும், 2 டிபி வரை. 2025 ஜூன் 5 அன்று வெளிவந்ததிலிருந்தே அப்படித்தான். பழைய வகைக் கார்டைப் போட்டால் அதிலிருக்கும் ஸ்க்ரீன்ஷாட், வீடியோக்களை உள்ளே எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதனால்தான் ஃபார்மட் வேண்டாம் என்கிறேன், முதலில் படங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

190 எம்பி விஷயம்: சாதாரணக் கார்டுகள் பேசும் யூஎச்எஸ்-1 முறையின் உச்சமே நொடிக்கு 104 எம்பி. அதற்கு மேல் உறையில் போடும் எண் அந்தக் கம்பெனியின் சொந்தக் கார்டு ரீடரில் போட்டால்தான் வரும். எக்ஸ்பிரஸ் கார்டு வேறு சாதி. கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிரைவ் பேசுகிற பிசிஐஇ, என்விஎம்இ மொழியையே இந்தச் சின்னக் கார்டும் பேசுகிறது. உச்சம் நொடிக்கு 985 எம்பி. விதிமுறை 2019-லேயே வந்துவிட்டது, ஆனால் போடுவதற்குக் கருவி இல்லாததால் யாரும் சீண்டவில்லை. ஸ்விட்ச் 2 வந்த பிறகுதான் கடைக்காரர்களுக்கே அந்தப் பெயர் தெரிந்தது.

உங்கள் இரண்டாவது கார்டைத் திருப்பி, தங்க நிறப் பற்கள் எத்தனை வரிசை என்று பாருங்கள்.

அரைத்தூக்கம்
ஒரே வரிசை. உறையையும் இப்போதுதான் உற்றுப் பார்க்கிறேன். எக்ஸ் சத்தத்தில் தொடங்கும் ஏதோ ஒரு சொல் இருந்தது, நான் பாட்டுக்கு எக்ஸ்பிரஸ் என்று படித்துக்கொண்டேன். என் தப்புதான். ஆனால் இத்தனை கெடுபிடி எதற்கு? மெதுவாக லோட் ஆனால் ஆகட்டுமே.

பழையகேட்ரிட்ஜ்
காத்திருக்க நாம் தயார், கேம் தயாரில்லை. இப்போதைய கேம்கள் லோடிங் திரையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுத் தொடங்குவதில்லை. நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தெருவைக் கார்டிலிருந்து இழுக்கின்றன. இழுவை பின்தங்கினால் நீங்கள் வந்து நிற்கும் இடத்தில் சுவரே இருக்காது. பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கருவியிலும் இதே கதைதான். பிஎஸ்5 கேமை யூஎஸ்பி டிரைவில் சேர்த்துவைக்கலாம், அங்கிருந்தே ஆட முடியாது. பிஎஸ்4 கேம் என்றால் ஆடலாம்.

நள்ளிரவுரவுடி
இடையில் ஒரு சந்தேகம். என்னிடம் இருக்கும் கார்டில் இரண்டு வரிசைப் பற்கள் இருக்கின்றன. அப்போது அது போதும்தானே?

பழையகேட்ரிட்ஜ்
போதாது. யூஎச்எஸ்-2 கார்டுக்கும் இரண்டு வரிசை உண்டு, ஆனால் அந்த இரண்டாம் வரிசை பேசுவது பிசிஐஇ இல்லை. ஒரு வரிசை இருந்தால் எக்ஸ்பிரஸ் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம், இரண்டு இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. முகப்பில் எக்ஸ்பிரஸ் என்ற சொல் முழுதாக இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிடுங்கள்.

பொத்தான்பொடியன்
ஃபார்மட் சொன்னதற்கு மன்னிக்கவும். கேம் கார்டு விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், இது எனக்குத் தெரியும்! அண்ணா, நீங்கள் வாங்கியது கேம்-கீ கார்டு. உள்ளே கேம் கிடையாது, சாவி மட்டும்தான். முதல்முறை நெட்டில் இறக்க வேண்டும், அதற்கு இடமும் வேண்டும். அப்புறம் ஆடும்போதெல்லாம் கார்டும் உள்ளே இருக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கம் கீழே எழுதியிருப்பார்கள். எல்லாம் அப்படி இல்லை, சைபர்பங்க் 2077 முழுக் கேமும் 64 ஜிபி கார்டிலேயே வந்தது.

அரைத்தூக்கம்
பெட்டியில் இருக்கிறது தம்பி. பார்க்காமல் வாங்கியிருக்கிறேன். இந்த வாரம் நான் படிக்காமல் வாங்கிய இரண்டாவது பொருள்.

---

அரைத்தூக்கம் (நான்கு நாள் கழித்து)
எக்ஸ்பிரஸ் என்று எழுத்துக் கூட்டிப் படித்தே 256 ஜிபி ஒன்று வாங்கினேன். இரண்டு வரிசைப் பற்கள் இருக்கின்றன. ஆனால் லேப்டாப்பில் போட்டு வேகம் பார்த்தால் நொடிக்கு 88 எம்பிதான். 900-ஐ நெருங்கும் என்று நினைத்தேன். போலிக் கார்டைத் தலையில் கட்டிவிட்டார்களா? திருப்பிக் கொடுக்கப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டேன்.

பழையகேட்ரிட்ஜ்
பெட்டியைப் பிரியுங்கள். உங்கள் லேப்டாப் ரீடருக்கு எக்ஸ்பிரஸ் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் இந்தக் கார்டு பழைய யூஎச்எஸ்-1 முறைக்கு இறங்கிவிடும், அந்த முறையில் 88 என்பது நல்ல எண். பழைய ஸ்விட்ச்சில் போட்டாலும் இதே வேகத்தில்தான் ஓடும். கார்டு அசலா என்று வேகத்தை வைத்துச் சொல்ல, எக்ஸ்பிரஸ் தெரிந்த கருவி வேண்டும். அது உங்கள் கையிலேயே இருக்கிறது, ஸ்விட்ச் 2. அதில் போட்டு அது ஏற்றுக்கொண்டால் எக்ஸ்பிரஸ்தான்.

லேப்டாப்பில் பார்க்க வேண்டியது கொள்ளளவு. 256 என்று காட்டிக்கொண்டு உள்ளே 32 இருக்கும் போலிகள் உண்டு. கார்டு முழுக்கக் கோப்புகளை எழுதி, திரும்பப் படித்து ஒத்துப்பார்க்கும் இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். கார்டு சூடாகும், பயப்படாதீர்கள், எக்ஸ்பிரஸ் கார்டுகளுக்குக் கொஞ்சம் சூடு இயல்பு. காலி செய்த பிறகு ஸ்விட்ச்சுக்குக் கொடுங்கள். ஃபார்மட் கேட்டால் இந்த முறை தாராளமாகச் சரி சொல்லலாம்.

அரைத்தூக்கம்
முழுதும் எழுதிப் படித்தது, ஒரு பிழைகூட இல்லை. ஸ்விட்ச் 2-உம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது! பெரிய கேம் இரண்டை உள்ளிருந்து கார்டுக்கு மாற்றும்போது ஒரு பயம்: கார்டு தொலைந்தால் 90 மணி நேரம் ஆடி எட்டிய நிலை, அதாவது சேவ், அதுவும் போய்விடுமா? பழைய 512 கார்டில் இருக்கும் கேம்களை அப்படியே இதற்குக் காப்பி செய்யலாமா?

பழையகேட்ரிட்ஜ்
சேவ் கார்டுக்குப் போகவே போகாது, எப்போதும் உள் ஸ்டோரேஜில்தான். கார்டைத் தொலைத்தால் கேமை மறுபடி இறக்கினால் போதும். தொலைக்கக் கூடாதது கருவியை.

காப்பி ஆகாது. அந்தக் கேம்கள் பழைய கருவிக்குக் கட்டுப்பட்டவை, புதியதில் மறுபடி இறக்க வேண்டும். இன்னொன்று, அடிக்கடி ஆடுவதை உள்ளேயே விடுங்கள், உள் ஸ்டோரேஜ், எக்ஸ்பிரஸ் கார்டு, கேம் கார்டு மூன்றில் அதுதான் வேகம். முடித்த கேம்களை டேட்டா மேனேஜ்மென்ட்டில் ஆர்க்கைவ் செய்தால் சேவும் ஐகானும் இருக்கும், இடம் காலியாகும்.

அரைத்தூக்கம்
ஸ்க்ரீன்ஷாட்களை எடுத்துவிட்டு 512-ஐப் பழைய ஸ்விட்ச்சிலேயே போட்டு தங்கையிடம் கொடுத்துவிட்டேன். அந்த 190 எம்பி கார்டு இப்போது கேமராவில் இருக்கிறது. கேமரா ஒன்றும் சொல்லவில்லை.

நள்ளிரவுரவுடி
என்னுடையதில் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ரோமன் எண் இரண்டுதான் இருக்கிறது, யூஎச்எஸ்-2தான்.